இரண்டாம் பக்கம்

எனக்குச் சங்கீதம் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
இண்டியானாவில், கேரி நகரத்தில்
ரேடியோ ரிப்பேர் பார்ப்பவன். பெயர் காஸ் வ்ரூபெல்.
ஒரு டேப் மெஷின் இருந்தது. மைக் இரண்டரை.
அரை என்றது, தட்டினால் மட்டும் கேட்கும்.

லூசியஸ் டார்ப்ளி கடைக்கு வந்து
"சத்தம் பிடிப்பாயா?" என்றான்.
"எவ்வளவு சத்தம்?"
இரு கையையும் விரித்துக் காட்டினான்,
தப்பிப்போன மீனின் நீளத்தைச் சொல்பவன்போல.

எழுபத்தொன்று, பிப்ரவரி.
நியூ ஷைலோ தேவாலயத்தின் நிலவறை.
பாய்லர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.
அணைக்கப் போனேன்.
ஓசெல்லா மின்டர் பாஸின் கழுத்தில் காதை வைத்து
பாய்லரோடு கம்பிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.
"அணைத்தால் குளிரும்" என்றாள்.
அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

தலைக்கு மேலே, சமையலறையில்
மறுநாள் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு
மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்கள்.
இரும்பாலையின் மூன்றாம் உலையில் செத்தவன்
எல்பர்ட் டூக்ஸ்.
லூசியஸுக்கும் அதே உலைதான்.
ஷிஃப்ட் வேறு.

ஒரு ப்ளூஸில் தொடங்கினார்கள். அது எனக்கே புரிந்தது.
சம்பளம் வந்த கிழமையும் போன கிழமையும்
ஒன்றாகவே இருக்கிற பாட்டு.
பன்னிரண்டு படி. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி.
நாலாவது தடவை
பதின்மூன்றாம் படியில் கால் வைத்தான் லூசியஸ்.
அங்கே படி இல்லை.

விழவில்லை.
கிளியோஃபஸ் வின் தாளத்தைக் கைவிட்டான்;
டிரம்ஸ் முழுக்க ஆலங்கட்டி.
சாக்ஸபோன் கத்தியது:
யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடப் போய்
பேர் மறந்து
கூப்பிடுவதை மட்டும் நிறுத்த முடியாதவன் குரலில்.
நடுநடுவே ஒரு ஜெபப் பாட்டின் வால் தெரிந்தது,
தண்ணீருக்கடியில் துணி தெரிவதுபோல.
பிடிப்பதற்குள் போய்விட்டது.

ஊசி சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டது.
குறைக்க வேண்டும். என் தொழில் அப்படி.
குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன்.
மூடிய கண் மூடியபடி, லூசியஸ்
வேண்டாமென்று தலையாட்டினான்.
எப்படித் தெரிந்தது?
இன்றுவரை கேட்டதில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
அர்வெல்லா டூக்ஸ். முழங்கை வரை சோளமாவு,
கையில் முள்கரண்டி.
அப்பாடா, நிறுத்தப் போகிறாள் என்று
நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லுவானேன்.

அவள் சாக்ஸபோனுக்கு முகத்துக்கு முகம் நின்றாள்.
"என் தம்பி" என்றாள்,
"இவ்வளவு மெதுவாகச் சாகவில்லை."

திரும்பி மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கீழே நடந்ததைச் சொல்ல
என்னிடம் வார்த்தை கிடையாது, வயர்தான் உண்டு.
மேலே ஒரு குதிகால் தரையை அடித்தது.
அப்புறம் இரண்டு, அப்புறம் ஏழெட்டு.
மச்சிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து
மெஷின்மேல் விழுந்தது.
அரை மைக் தானாகவே உயிர்பெற்றது.
இரண்டாம் பக்கத்தில் இடிமாதிரிக் கேட்கிறதே,
அது மீன் பொரித்த பெண்கள்.

பதினேழாம் நிமிடம் டேப் தீர்ந்தது.
வால் சுற்றிச் சுற்றி அடித்தது, டப், டப்.
வேறு சுருள் இல்லை. வாங்கக் காசில்லை.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
அவர்கள் இன்னும் நாற்பது நிமிடம் வாசித்தார்கள்.
வெறும் மெஷினைப் பார்த்து
எல்லாம் சரியென்று கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தேன்.

முந்நூறு பிரதிகள். உறையில் லூசியஸின் பெயரே தப்பு.
ஒரு விமர்சகர் எழுதினார்,
அந்தத் திடீர் முடிவு
மரணத்தை நேருக்கு நேர் பார்த்த துணிச்சல் என்று.
எட்டு டாலர், ஐயா. ஒரு சுருள் எட்டு டாலர்.

அந்த நாற்பது நிமிடத்தில்
எனக்கு ஒன்றுதான் ஞாபகமிருக்கிறது.
பாய்லர் எப்போதோ நின்றுபோயிருந்தது.
அதன் சுருதியை ஓசெல்லா மட்டும் விடாமல் வைத்திருந்தாள்.

பிறகு மேலே கூப்பிட்டு மீன் கொடுத்தார்கள்.
நல்ல காரம். நிறைய முள்.